பயிற்றுவிப்பாளரின் முதலும் தோட்டத்து ஆடுகளமும்



டென்னிஸ் பயிற்றுவிப்பாளர் ஒருவர் பிற்காலத்தில் பெரிய வர்த்தகரானார் என்றால், அந்தக் கதையைச் சொல்வதற்கு ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது. விடியுமுன் எழுந்தார், உடலை வருத்தினார், தோல்வியைத் தாங்கப் பழகினார், ஆடுகளத்தில் கற்ற ஒழுக்கத்தைக் கம்பனிக்குள் கொண்டுபோனார், வென்றார். பரிசளிப்பு விழாக்களில் கேட்டுக் கேட்டு இது நமக்கு மனப்பாடமாகிவிட்டது. முழுப்பொய் என்று இதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இது எதையும் விளக்குவதில்லை என்பதே என் கட்சி. விடியுமுன் எழுவதும் உடலை வருத்துவதும்தான் செல்வத்துக்கு வழி என்றால், தலைமுறை தலைமுறையாகக் காலைப் பெரட்டுக்குப் போய்வந்த ஊவாத் தோட்டங்களில் இன்று கோடீஸ்வரர்கள் அல்லவா குடியிருக்க வேண்டும்? பயிற்றுவிப்பாளர் வர்த்தகராவதற்கு வேறொன்று தேவைப்பட்டது. ஆடுகளத்தின்மீது அவருக்கு ஏதோ ஒரு வகை உரிமை வேண்டியிருந்தது. அது நிலத்தின் உரிமையாக இருக்கலாம், போட்டியை நடத்தும் உரிமையாக இருக்கலாம், உள்ளே நுழைந்து உறுப்பினரோடு சமமாக நிற்கும் அனுமதியாகவும் இருக்கலாம். அது கிடைத்தவர்களுக்குத் திறமை முதலாயிற்று. கிடைக்காதவர்களுக்கு அதே திறமை கூலியாகவே நின்றுவிட்டது. இதைச் சில வாழ்க்கைகளை வைத்து நிறுவ முயல்கிறேன்.

பதுளையில் நின்று இதைப் பேசக் காரணம் உண்டு. இலங்கையில் டென்னிஸ் முதலில் மலைக்குத்தான் வந்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. நுவரெலியாவின் களிமண் ஆடுகளங்கள் பல்லாண்டுகள் இந்நாட்டு டென்னிசின் தலைவாசலாக இருந்தன. தோட்டத்துரைமாரின் கழகங்களில் டென்னிஸ் ஆடுகளம் இல்லாத கழகம் அரிது. ஊவாவிலும் பதுளை, பசறை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கங்களில் பல துரை பங்களாக்களின் முற்றத்தையொட்டி ஓர் ஆடுகளம் இருந்தது. மலைச்சரிவில் அப்படி ஒரு சமதரை இயற்கையாக அமைவதில்லை. சரிவை வெட்ட வேண்டும், மண்ணை நிரப்ப வேண்டும், கல் அடுக்கி அணைகட்ட வேண்டும், மழைநீர் ஓடக் கான் வெட்ட வேண்டும், பிறகு ஆண்டு முழுவதும் ரோலர் இழுக்க வேண்டும். அந்த வேலைகளைச் செய்தவர்கள் யார் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகளுக்குள் அடங்கும் இடம் 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம். ஓடித் திரும்ப நாற்புறமும் வெளி விட்டால், விதிப்படி பரிந்துரைக்கப்படும் அளவு 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. பழைய லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, 120 சதுர அடி. ஒரு துரையும் அவருடைய மூன்று விருந்தாளிகளும் மாலையில் பந்தடிக்க ஒதுக்கிய வெளியில் அறுபது குடும்பங்களின் காம்பராக்கள் அடங்கும். இன்றைய அளவையிலும் சொல்லலாம். 2015க்குப் பின் தோட்டத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது 7 பேர்ச், ஏறத்தாழ 1,900 சதுர அடி. அந்தப் பழைய ஆடுகளம் 26 பேர்ச்சுக்கும் சற்றுக் கூட. இந்தக் கணக்கு பழைய துரைமார்மேல் கோபம் மூட்டுவதற்காகச் சொல்லப்படுவதல்ல. அவர்கள் போய்ப் பல காலமாயிற்று. டென்னிஸ் ஏன் தோட்டத்து மக்களின் விளையாட்டாகவில்லை என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. கரப்பந்தாட்டத் தளத்தின் அளவு 18 மீட்டருக்கு 9 மீட்டர், ஏறக்குறைய 1,750 சதுர அடி. ஒரு குடும்பத்தின் 7 பேர்ச் துண்டுக்குள்ளேயே அது அடங்கிவிடும். 1991இல் அரசு கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே தோட்டங்கள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டதற்கு வேறு காரணங்களும் உண்டு. இடம் அவற்றில் முதன்மையானது. மனிதர்கள் விருப்பத்தால் மட்டும் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. கிடைத்த நிலமும் தேர்ந்தெடுக்கிறது.

ஆடுகளத்துக்குள் தோட்டத்துப் பையனுக்கும் ஓர் இடம் இருந்தது. பந்து பொறுக்கும் இடம். தெற்காசியாவின் கழகங்களில் அந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே போகவும் முடிந்தது. பந்து பொறுக்கிய பையன் வளர்ந்து, உறுப்பினருக்குத் துணையாட்டக்காரர் கிடைக்காத நாள்களில் எதிர்ப்புறம் நின்று ஆடுவான். நாளடைவில் அதற்குச் சம்பளமும் பெறுவான். சென்னையின் ஜிம்கானா வகைக் கழகங்களில் இவர்களை மார்க்கர் என்றார்கள். நம் நாடுகளில் டென்னிஸ் பயிற்றுவிப்பாளர் என்ற தொழிலின் தொடக்கம் இந்த மார்க்கர்தான். ஆட்டத்தின் நுட்பம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு உறுப்பினர் பலருக்குத் தெரியாது. ஆனால் 1968இல் டென்னிஸ் எல்லாருக்கும் திறந்துவிடப்படும்வரை, ஆட்டத்துக்காகக் காசு வாங்கியவர் விம்பிள்டனிலும் ஆட முடியாது, டேவிஸ் கிண்ணத்திலும் ஆட முடியாது. அமெச்சூர் என்ற அந்த விதிக்கு ஒழுக்கத்தின் சாயம் பூசியிருந்தார்கள். காசுக்காக ஆடுவது இழிவு, ஆட்டத்துக்காகவே ஆடுவது உயர்வு என்றார்கள். உழைக்காமல் சாப்பிட வழியுள்ளவருக்கே அந்த உயர்வு எட்டும் என்பதை விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மார்க்கர் நிலையிலிருந்து உலகம் அறிய எழுந்தவர்களில் நன்கு பதிவானது ஸ்குவாஷ் ஆட்டக்காரர் ஹாஷிம் கானின் வாழ்க்கை. டென்னிஸ் அல்ல என்றாலும், நம் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. அவருடைய தந்தை பெஷாவரில் பிரித்தானிய இராணுவ அதிகாரிகளின் கழகத்தில் ஊழியர். மகன் அங்கே பந்து பொறுக்கிப் பிழைத்தார், அதிகாரிகள் ஆடாத வேளையில் தானே கற்றார், 1942இல் விமானப்படை அதிகாரிகளுக்குப் பயிற்றுவிப்பாளரானார். 1951இல் பிரித்தானிய ஓப்பன் போட்டிக்கு அவரை அனுப்பியபோது வயது முப்பதைத் தாண்டிப் பலகாலம். முதல் முயற்சியிலேயே வென்றார். மொத்தம் ஏழு முறை அந்தப் பட்டம் அவருடையதாயிற்று. பிறகு அமெரிக்கா சென்று டெட்ரொயிட்டிலும் டென்வரிலும் கழகப் பயிற்றுவிப்பாளராக நெடுங்காலம் வாழ்ந்து 2014இல் மறைந்தார். இவரை முன்வைத்து, திறமை இருந்தால் எவரும் எழலாம் என்று எதிர்வாதம் செய்ய முடியும். எனக்கு இந்த வாழ்க்கை வேறு செய்தி சொல்கிறது. அவருடைய திறமை 1951இல் திடீரென்று பிறந்ததல்ல. பல ஆண்டுகள் அது அதிகாரிகளின் உடற்பயிற்சிக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் என்ற புதிய நாட்டுக்கு உலக அரங்கில் பெயர் தேவைப்பட்டது. விமானப்படை அவருக்குப் பயணத்துக்கு வழிசெய்தது. திறமை அப்படியே இருந்தது, அனுமதிதான் புதிது. அப்போதும் அவர் தம் வாழ்நாளில் விற்றது பெரும்பாலும் நேரத்தைத்தான். கழகம் இன்னொருவருடையதாகவே இருந்தது.

நேரத்தை விற்பது பற்றி இந்த மண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். மழை கொட்டினால் பேரே சந்தேகம். மணிக்கணக்கில் கற்பிக்கும் பயிற்றுவிப்பாளரின் வருமானமும் இதே வகையானது. ஒரு நாளில் ஆறேழு மணி நேரத்துக்குமேல் எவராலும் ஆடுகளத்தில் நின்று கற்பிக்க முடியாது. கட்டணத்தை உயர்த்தலாம், ஆனால் ஓர் எல்லைக்குள். உடல் தளர்ந்தால் வருமானமும் தளரும். ஆகவே பயிற்றுவிப்பாளர் வர்த்தகராவது என்பது, தன் மணிநேரத்தை விற்பதிலிருந்து, தான் நில்லாதபோதும் வருமானம் தரும் ஏதோ ஒன்றை உடைமையாக்கிக்கொள்வதற்கு நகர்வதாகும். அந்த நகர்வு எப்படி நடக்கிறது என்பதே பார்க்கப்பட வேண்டியது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். டி. கே. ராமநாதன் தாமே ஒரு டென்னிஸ் ஆட்டக்காரர். தம் மகனுக்கு அவரே பயிற்றுவிப்பாளர். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த அந்த மகன் ராமநாதன் கிருஷ்ணன். சிறுவனாக இருந்தபோது, கல்லூரி மாணவருக்கென்றே சென்னை லயோலாக் கல்லூரி நடத்திய பெர்ட்ரம் போட்டியில் ஆடச் சிறப்பு அனுமதி பெற்றார். 1951இல் அதை வென்றும் காட்டினார். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், ஆசியாவிலிருந்து முதல்வராக. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். இரு முறையும் அவரை வென்றவர்களே அவ்வாண்டுகளின் சாம்பியன்கள், முதலாமவர் நீல் ஃபிரேசர், அடுத்தவர் ரொட் லேவர். 1959இல் ஜாக் கிராமர் தம் தொழில்முறைக் குழுவில் சேர மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டொலர் தர முன்வந்தார். கிருஷ்ணன் மறுத்தார். ஏற்றிருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ணத்தில் ஆட முடியாமல் போயிருக்கும். 1966இல் மெல்பேர்னில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதிச் சுற்றுவரை இந்தியாவை இட்டுச்சென்ற பயணமும் அவருக்கு இருந்திருக்காது. அந்த மறுப்பை நாட்டுப்பற்றின் சான்றாகப் போற்றுகிறார்கள், போற்றட்டும். அதே மறுப்பு, அமெச்சூர் விதி ஓர் ஆட்டக்காரரிடம் எவ்வளவு பெரிய விலை கேட்டது என்பதற்கும் சான்று. ஆட்டம் முடிந்தபின் கிருஷ்ணன் சென்னையில் சமையல் எரிவாயு முகவர் நிலையம் ஒன்றை நடத்தினார். 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அவரும் சேர்ந்து 1995இல் சென்னையில் தங்கள் பெயரில் டென்னிஸ் மையத்தைத் தொடங்கினார்கள்.

இந்தக் குடும்பக் கதையில் என்னை நிறுத்தும் இடம் பட்டங்கள் அல்ல, பெர்ட்ரம் போட்டிக்குக் கிடைத்த அனுமதி. விதிப்படி அந்தப் பையனுக்கு அங்கே இடமில்லை. யாரோ ஒரு பொறுப்பாளர் விதியைத் தளர்த்தினார். தளர்த்தும்படி போய்க் கேட்கவும் ஒருவர் துணிந்தார். கேட்கத் துணிவதற்கு, கேட்டால் கதவு திறக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு வேண்டும். அதே ஆண்டுகளில் ஊவாவின் நிலைமை என்ன? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1953இல் இலங்கை முதன்முதலாக டேவிஸ் கிண்ணத்தில் ஆடியது. அந்த ஆண்டு ஊவாத் தோட்டமொன்றின் ஆடுகளத்தோரம் பந்து பொறுக்கிய ஒரு பையனிடம் கிருஷ்ணனின் கையும் கண்ணும் இருந்திருந்தாலும் அவன் எந்த நாட்டுக்காக ஆடியிருப்பான்? கடவுச்சீட்டு இல்லாதவருக்கு டேவிஸ் கிண்ணம் இல்லை. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற அந்த மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தலைக்கணக்கில் பங்கிட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003இல்தான் சட்டத்தில் முடிவுக்கு வந்தது. ஒழுக்கம் பற்றிய அறிவுரையை இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு நடுவே எங்கே பொருத்துவது?

இனி, பயிற்றுவிப்பாளர் வர்த்தகரான கதைகளிலேயே பெரியதற்கு வருகிறேன். ருமேனியாவின் பிரஷோவ் நகரில் 1939இல் பிறந்த இயோன் டிரியாக் 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் பனி ஹொக்கி ஆடியவர். டென்னிசில் இலி நஸ்டாசேயுடன் 1970இல் பிரெஞ்சு ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றார். 1969, 1971, 1972இல் ருமேனியாவை டேவிஸ் கிண்ண இறுதிக்குக் கொண்டுசென்ற இருவரில் ஒருவர். தான் நடுத்தர ஆட்டக்காரன்தான் என்று அறிந்து அதற்கேற்ப நடந்தவர் அவர். விளையாட்டு வீரர்களில் இந்த அறிவு அபூர்வம். பின்னர் கியர்மோ விலாசுக்குப் பயிற்றுவிப்பாளரானார். 1977இல் விலாஸ் பிரெஞ்சு, அமெரிக்கப் பட்டங்கள் இரண்டையும் வென்றார். 1985இல் பதினேழு வயதில் விம்பிள்டனை வென்ற போரிஸ் பெக்கருக்கு டிரியாக் முகாமையாளர். ஆடுகளத்தோரம் நின்று பையனுக்குக் கற்பித்தவர் இன்னொருவர். ஒப்பந்தங்களைப் பேசியவர் டிரியாக். 1989 டிசம்பரில் ருமேனியாவின் ஆட்சி கவிழ்ந்தது. 1990இல் அவர் அங்கே தம் பெயரிலேயே தனியார் வங்கியொன்றைத் தொடங்கினார். காப்புறுதி, மோட்டார் வாகன விற்பனை, விமான சேவை என்று அவருடைய வர்த்தகம் பரந்தது. ஃபோர்ப்ஸ் இதழின் பில்லியனர் பட்டியலிலும் அவர் இடம்பிடித்தார்.

இந்த வாழ்க்கையில் ஒழுக்கத்துக்குப் பங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ருமேனியாவில் ஒழுக்கமுள்ளவர்கள் 1990இல் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களிடம் இல்லாத மூன்று பொருள்கள் டிரியாக்கிடம் இருந்தன. மற்றவர்களுக்கு நாட்டெல்லை மூடியிருந்த காலத்தில் எல்லை கடக்க அவருக்கு விளையாட்டு வழிதிறந்தது. உள்நாட்டு நாணயம் மதிப்பிழந்த வேளையில் அவர் கையில் வெளிநாட்டு நாணயம் இருந்தது. ஐரோப்பியக் கம்பனித் தலைவர்கள் அவருடைய தொலைபேசி அழைப்பை எடுத்தார்கள். மூன்றும் பயிற்றுவிப்பிலிருந்து வந்தவைதான், ஆனால் ஃபோர்ஹேண்ட் கற்பித்ததால் வந்தவையல்ல. பயிற்றுவிப்பாளருக்கும் சாம்பியனுக்கும் இடையிலான நம்பிக்கை, சாம்பியனுக்கும் பணத்துக்கும் இடையில் நிற்கும் இடமாக மாறியது. அவர் உடைமையாக்கிக்கொண்டது அந்த இடத்தை. இதைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி மட்ரிட்டில் நடந்தது. அங்கே நடந்த பெரும் போட்டியின் உரிமை அவரிடம் இருந்தது. 2012இல் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரியும் என்று சொல்லிச் செம்மண் தரையை நீலமாக்கினார். நடாலும் ஜோக்கோவிச்சும், தரை வழுக்குகிறது, இப்படியே இருந்தால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்றார்கள். ஆடவர் தொழில்முறை டென்னிசை நடத்தும் ஏடிபி அமைப்பு நீல மண்ணைத் தடைசெய்தது. உலகின் முதல் இரண்டு ஆட்டக்காரர்களையும் கேளாமல் மண்ணின் நிறத்தை மாற்ற முடிந்தது ஒரு காலத்துப் பயிற்றுவிப்பாளரால். அதைத் தடுக்க அந்த ஆட்டக்காரர்களுக்கு ஒன்றுசேர வேண்டியிருந்தது. 2021இல் அவர் அந்தப் போட்டியை விற்றபோது கைமாறியது ஓர் உரிமைப் பத்திரம்.

அமெரிக்காவின் நிக் பொலட்டியெரி இன்னும் எளிய உதாரணம். பெரிய ஆட்டக்காரராக ஒருபோதும் இருக்காத அவர் 1978இல் புளோரிடாவின் பிரேடன்டனில் மாணவர் தங்கிப் படிக்கும் டென்னிஸ் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அகாசி, கூரியர், செலஸ் ஆகியோர் அங்கிருந்து வந்தார்கள். 1987இல் கூடத்தை ஐஎம்ஜி நிறுவனத்துக்கு விற்றார். 2022இல் மறையும்வரை அதன் முகமாக இருந்தார். பெயர் அவருடையது, நிலம் நிறுவனத்துடையது. பெயருக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க இந்த ஒரு வாழ்க்கை போதும்.

இதற்கு நேர்மாறான பாதையில் போன ஒருவருக்கு ஊவாவிலேயே தோட்டங்கள் இருந்தன. கிளாஸ்கோ மளிகைக் கடைக்காரரின் மகன் தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவர் விளையாட்டிலிருந்து வர்த்தகத்துக்கு வரவில்லை. தேயிலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு விளையாட்டுக்குள் நுழைந்தார். 1899 தொடக்கம் 1930 வரை ஷம்ரொக் என்ற பெயரில் ஐந்து பாய்க்கப்பல்களைக் கட்டி அமெரிக்காக் கிண்ணத்துக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். தோல்வியே அமெரிக்காவில் அவருடைய தேயிலைக்கு விளம்பரமாயிற்று என்பது தனிச் சுவை. ஆனால் இங்கிலாந்தின் உயர்ந்த பாய்க்கப்பல் கழகமான ரோயல் யொட் ஸ்குவாட்ரன், கடைக்காரர் என்பதால் அவரை நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1931இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான் கதவைத் திறந்தது. இன்று லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனையில் நின்று ஊவாவைப் பார்த்து வியக்கும் பயணிகளுக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்லலாம். நாம் காணும் மலைகளுக்கே உடைமையாளர், அங்கே ஒரு கழகத்தின் வாசலில் காத்திருந்தார். அவருடைய தோட்டத்தில் கொழுந்து எடுத்தவருக்கு எத்தனை வாசல்கள் மூடியிருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மலையகத்திலிருந்தே ஒரு பெரிய மறுப்பு எழும், அதன் பெயர் முத்தையா முரளிதரன். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் பேரன். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட். 2015இல் ஹைதராபாத் ஐபிஎல் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளரானார். பின்னர் குளிர்பானங்களுக்கான அலுமினிய டின் தொழில். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் அவர் பெருமுதலீட்டில் ஆலை தொடங்கவிருப்பதாக 2024இல் அம்மாநில அமைச்சர் அறிவித்தார். பாட்டன் தோட்டத்தில், பேரன் ஆலையில். இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தந்தை இருக்கிறார் என்பதுதான் என் மறுமொழி. சின்னசாமி முத்தையா கண்டிப் பக்கத்தில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகன் கல்லூரிக்குப் போய்க் கிரிக்கெட் ஆடியது அந்தத் தொழிற்சாலைக்குப் பிறகுதான். வர்த்தகம் முதலில் வந்தது, லயத்தை விட்டு வெளியேறுவது அதோடு வந்தது, விளையாட்டு மூன்றாவதாக வந்தது. முரளியின் மேதைமையில் எவருக்கும் ஐயமில்லை. அவருடைய குடும்ப வரலாறு என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாவதற்கே பெரும் போராட்டம் வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ஆயிற்று. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்படிச் சரியக்கூடிய இடங்களில் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். இந்த நிலையில் டென்னிஸ், பயிற்றுவிப்பாளர், வர்த்தகம் என்று பேசுவது பசித்தவனிடம் பலகாரத்தின் ருசியைப் பேசுவதல்லவா? நியாயமான கேள்வி. தோட்டந்தோறும் டென்னிஸ் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் கரப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் முன்னே நிற்பதில் எனக்குக் குறையில்லை. நான் கேட்பது நிலத்தைப் பற்றி. காணியுரிமை என்று நாம் பேசும்போதெல்லாம் வீட்டுக்கான துண்டை மட்டுமே நினைக்கிறோம். வீடு தங்குவதற்கு. பொதுவெளி, ஒருவர் தன் திறமையைப் பிறருக்குக் காட்டவும் கற்பிக்கவும் அதிலிருந்து தொழில் உண்டாக்கவுமான இடம். சம்பளம் கேட்பவர்கள் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்று பல தோட்டங்களில் பிள்ளைகள் விளையாடும் வெளி கம்பனியின் நல்லெண்ணத்தில் நிற்கிறது. நாளைக்கு அங்கே கன்று நட முடிவானால், ஆடியவர்கள் அத்துமீறியவர்களாகிவிடுவார்கள்.

மூன்றாவது மறுப்பு வர்த்தகம் அறிந்தவர்களிடமிருந்து வரும். ஊவாவில் விளையாட்டுப் பயிற்சிக்குச் சந்தை எங்கே என்பார்கள். 1924இல் ரயில்பாதை வந்துசேர்ந்த பதுளை அந்தப் பாதையின் கடைசி நிலையம். சந்தையிலும் அது கடைசிதானே என்பார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, எல்லப் பக்கங்களில் என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். பழைய துரை பங்களாக்கள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா விடுதிகளாகின்றன. அந்தக் காலத்துத் துரைமாரின் மாலைப் பொழுதே அங்கே விற்பனைப் பொருள்: புல்தரை, தேநீர், நடை. ஆட்டத்துக்கும் அதில் இடமுண்டு. அந்த ஆடுகளங்களுக்கு மறுபடி ஆள் வேண்டியிருக்கும், ரோலர் இழுக்க, வலை கட்ட, விருந்தினரோடு ஆட. தோட்டத்து இளைஞர்கள் அங்கே வேலைக்குப் போவார்கள், போகவும் வேண்டும். அப்போது அவர்கள் புதிய காலத்து மார்க்கர்களாக நேரத்தை விற்றுக்கொண்டு நிற்பார்களா, தமக்குரிய ஓர் இடத்தில் பயிற்சி நடத்தி விடுதிகளோடு ஒப்பந்தம் பேசும் நிலையில் இருப்பார்களா என்பதைத் திறமை தீர்மானிக்காது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா கற்று வெளிவரும் பிள்ளைகளுக்கு முன்னாலும் நிற்பது இதே கேள்விதான்.

வழி உண்டா என்றால், சட்டத்தில் ஒரு சிறிய வாசல் ஏற்கெனவே இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. குத்தகை 53 ஆண்டுகளுக்கு, 2045 வரை. நிலம் இன்னும் அரசினுடையது. தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. குடியிருப்புக்காக நிலம் விடுவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் விளையாட்டுவெளி ஒன்றையும் அளந்து அந்தச் சங்கத்தின் பெயரில் எழுத முடியும். சங்கங்கள் தொழிற்சங்கக் கட்சிகளின் கைக்குப் போய்விடும், மைதானமும் தேர்தல்மேடையாகிவிடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் கட்சிக்காரர் கைப்பற்றிய மைதானத்தை அடுத்த சங்கத் தேர்தலில் மீட்கலாம். குத்தகைக்காரரின் நல்லெண்ணத்தில் கிடைத்த மைதானத்தை எந்தத் தேர்தலில் மீட்பது? பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு அந்த வெளியை ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்கு வாடகைக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருந்தால், அந்தத் தாளைக் காட்டி அவர் வங்கிக்குப் போக முடியும். 2045க்கு முன் குத்தகைகளைப் புதுப்பிக்கும் பேச்சு தொடங்கும்போது, கம்பனிகளும் அரசும் தத்தம் கோரிக்கைகளைத் தயாராக வைத்திருப்பார்கள். நம் பக்கத்துக் கோரிக்கைப் பட்டியலில் வீடு இருக்கும், சம்பளம் இருக்கும். இந்த 26 பேர்ச்சையும் அதில் சேர்க்கும் வேலையை இன்றே தொடங்க வேண்டியவர்கள் இந்த மாகாணத்தின் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும்.